ஊக்கமருந்தின் நிழலில் ஒரு வாக்குச்சீட்டு: பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் அமெரிக்கப் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு வந்து சேர்கிறது. ஆண்டு முடிவதற்குள் அதில் அதிகபட்சம் பத்துப் பெயர்களைக் குறித்து அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேஸ்பால் புகழ் மண்டபத்தில் யாருடைய வெண்கலப் பட்டயம் இடம்பெறும் என்பதை இந்தச் சீட்டுகளே முடிவு செய்கின்றன. ஆனால், 2007ஆம் ஆண்டில் மார்க் மெக்வயரின் பெயர் முதன்முறையாகச் சீட்டில் ஏறியது முதல், வாக்களிப்போரும் அவர்களைப் படிக்கும் ரசிகர்களும் ஒரே கேள்வியில் சிக்கி நிற்கிறார்கள்: ஊக்கமருந்து பயன்படுத்தியதாகத் தெரிந்த, அல்லது நம்பப்படுகிற, மாபெரும் ஆட்டக்காரர்களை என்ன செய்வது?

இந்த விவாதத்தில் இறங்கும் எவரும் நான்கு நிலைப்பாடுகளில் ஒன்றையே இறுதியில் வந்தடைகிறார்கள். நான்குக்கும் விலை உண்டு; அந்த விலை பெரும்பாலும் முதல் பார்வையில் தெரிவதில்லை. வாக்குரிமை இல்லாத நமக்கும், யாருடைய வாதத்தை ஏற்பது என்று முடிவு செய்ய இந்த ஒப்பீடு பயன்படும்.

## முதலில் விதிகள்

தொடர்ந்து பத்தாண்டுகள் சங்க உறுப்பினராக இருந்தவர்களுக்கே வாக்குரிமை கிடைக்கிறது. குறைந்தது பத்துப் பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆன வீரர் சீட்டில் இடம்பெறலாம். தேர்வாக 75 விழுக்காடு வாக்கு வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெயர் உடனே நீக்கப்படும். முன்பு பதினைந்தாண்டுகள் வரை ஒருவர் சீட்டில் நீடிக்க முடிந்தது. 2014இல் அது பத்தாண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

75 விழுக்காடு என்ற அளவின் கணக்கை மனத்தில் கொள்வது நல்லது. ஒருவர் மறுத்தால் அதை ஈடுகட்ட மூவர் ஆதரிக்க வேண்டும். ஆகவே, ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்களுக்கு வாக்களிப்பதில்லை என்று நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேற்பட்டவர்கள் உறுதியாக இருந்தால் போதும், மற்ற எல்லாருடைய ஆதரவும் பயனற்றுப் போகும். 2022இல் நடந்தது இதுதான். பதிவான 394 சீட்டுகளில், அப்படிக் குற்றச்சாட்டுக்கு உள்ளான பேரி பாண்ட்ஸுக்கு 260 கிடைத்தன; தேவைப்பட்டவை 296.

எந்த அடிப்படையில் வாக்களிக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: வீரரின் ஆட்டப் பதிவு, ஆட்டத்திறன், நேர்மை, விளையாட்டுக்குரிய பண்பு, ஒழுக்கம், அணிக்கு ஆற்றிய பங்கு. ஆறில் மூன்று களத்தைச் சார்ந்தவை, மூன்று குணத்தைச் சார்ந்தவை. எதற்கு எவ்வளவு எடை என்று விதி சொல்லவில்லை. சண்டை முழுவதும் இந்த மௌனத்திலிருந்தே பிறக்கிறது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

நிலைப்பாடுகளை ஒப்பிட நான்கு அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, ஆதாரம்: ஒருவரை ஒதுக்குவதற்கு எத்தகைய சான்று போதுமென்று அந்த நிலைப்பாடு கருதுகிறது? இரண்டாவது, சமநீதி: ஒரே வகைச் செயலுக்கு எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு கிடைக்கிறதா? மூன்றாவது, விதிக்கு விசுவாசம்: ஆறு சொற்களில் எதையேனும் அது இல்லாததாக்கிவிடுகிறதா? நான்காவது பெரும்பாலும் மறக்கப்படுவது: ஊக்கமருந்துப் பேச்சில் பெயர் அடிபடாத சக வீரர்களுக்கு அது என்ன செய்கிறது?

ஆதாரம் என்ற அளவுகோலுக்குக் காலவரிசை தேவை. பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான ஆணையர் ஃபே வின்சென்ட் 1991ஆம் ஆண்டிலேயே அணிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஸ்டீராய்டுகளும் தடைக்குட்பட்டவை என்று குறிப்பிட்டிருந்தார். ஆனால், வீரர்கள் சங்கத்தின் ஒப்புதலோடு பரிசோதனை எதுவும் வராததால் அந்தத் தடை தாளில் மட்டுமே இருந்தது. 2003இல் பெயர் வெளியிடாமல் ஒரு மாதிரிப் பரிசோதனை நடந்தது. 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் சிக்கியதால் 2004 முதல் முறையான பரிசோதனை தொடங்கியது. பெயரை வெளியிட்டு ஆட்டத்திலிருந்து விலக்கும் தண்டனை 2005இல்தான் வந்தது. முதல் தவறுக்கு அப்போது பத்து நாள். 2006 முதல் ஐம்பது ஆட்டங்கள். 2014 முதல் எண்பது. ஒருவர் எந்த ஆண்டில் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து, அவர் மீறியது பெயரளவுத் தடையையா, செயலில் இருந்த தடையையா என்பது மாறுகிறது.

## முதல் நிலைப்பாடு: களத்தை மட்டும் பார்ப்பது

களத்தில் நடந்தது நடந்ததுதான். நீதிபதியாக இருப்பது எழுத்தாளரின் வேலையன்று என்கிறது இந்த நிலைப்பாடு. பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்கள் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்தார், ஏழு முறை மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். பந்து வீசுபவரான ரோஜர் கிளெமென்ஸ் 354 வெற்றிகளையும் சிறந்த பந்துவீச்சாளருக்கான ஏழு சை யங் விருதுகளையும் குவித்தார். இவர்கள் இல்லாத புகழ் மண்டபம் அந்தக் காலத்தின் பேஸ்பாலைச் சொல்லாது என்பது வாதம்.

இதற்கு வலுவூட்டுவது மண்டபத்தின் சொந்த வரலாறு. பந்தில் எச்சிலும் பசையும் தடவி வீசியதைத் தானே எழுதி ஒப்புக்கொண்ட கேலார்ட் பெர்ரி 1991இல் தேர்வானார். ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள் பல பத்தாண்டுகள் உடைமாற்றும் அறைகளில் தாராளமாகப் புழங்கின. அவற்றுக்குத் தடை 2006இல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டீராய்டு காலம் முழுவதும் ஆணையராக இருந்த பட் செலிக்கை 2016 டிசம்பரில் ஒரு குழு மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தது. மேற்பார்த்தவருக்கு மாலை, ஆடியவருக்குத் தடை என்பது எப்படி நியாயம் என்று பல வாக்காளர்கள் கேட்டார்கள். அடுத்த மாதமே வெளியான முடிவில் பாண்ட்ஸ் 44.3 விழுக்காட்டிலிருந்து 53.8க்கும், கிளெமென்ஸ் 45.2இலிருந்து 54.1க்கும் உயர்ந்தனர்.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, விதியின் ஆறு சொற்களில் மூன்றை அடித்துவிடுகிறோம். பரிசோதனையும் தண்டனையும் நடைமுறைக்கு வந்த பிறகு இருமுறை சிக்கிய மேனி ரமிரெஸும் 555 ஹோம் ரன்களின் பலத்தில் உள்ளே வந்தாக வேண்டும். இன்னொன்று, எண்ணை மட்டும் பார்ப்பவர் ஊதிப் பெருத்த எண்ணையே அளவுகோலாகவும் ஏற்கிறார். 473 ஹோம் ரன்கள் அடித்த கார்லோஸ் டெல்காடோ 2015இல் 3.8 விழுக்காடு பெற்று முதல் ஆண்டிலேயே நீக்கப்பட்டார். 493 அடித்த ஃபிரெட் மெக்கிரிஃப் பத்தாண்டுகள் காத்திருந்தும் எழுத்தாளர்களிடம் 40 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. இவர்கள் ஒரு தலைமுறை முன்பு ஆடியிருந்தால் அந்த எண்களின் மதிப்பே வேறு.

இவர்கள் இல்லாமல் வரலாறு முழுமையாகாது என்ற வாதத்தில் ஒரு பிசகு இருக்கிறது. பாண்ட்ஸ் சாதனையை முறியடித்த 756ஆவது ஹோம் ரன் பந்து, ஏலத்தில் எடுத்தவரால் நட்சத்திரக் குறி பொறிக்கப்பட்டு, 2008 முதல் கூப்பர்ஸ்டவுனிலேயே இருக்கிறது. அருங்காட்சியகம் வேறு, பட்டயக் கூடம் வேறு. வரலாற்றைச் சொல்லும் வேலையை முன்னது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பட்டயத்தைச் சிறப்புச் செய்வதாக அல்லாமல் பதிவு செய்வதாக மட்டும் கருதுபவருக்கே இந்த நிலைப்பாடு முழுமையாகப் பொருந்தும்.

## இரண்டாம் நிலைப்பாடு: முழு மறுப்பு

இதன் தெளிவான வடிவத்தை மண்டபத்தின் துணைத்தலைவராக இருந்த ஜோ மார்கன் 2017 நவம்பரில் வாக்காளர்களுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம். பரிசோதனையில் சிக்கியவர்கள், தாமே ஒப்புக்கொண்டவர்கள், ஊக்கமருந்து விசாரணையில் உருவான மிட்செல் அறிக்கையில் பயனாளர்களாகப் பெயரிடப்பட்டவர்கள் ஆகிய மூவகையினருக்கும் இடம் கூடாது என்று அவர் வேண்டினார். தாமும் அந்த மண்டபத்தின் உறுப்பினர் என்பதால் அந்தக் குரலுக்கு எடை இருந்தது. மருந்தைத் தொடாமல், அதனாலேயே வேலையையும் வாய்ப்பையும் இழந்த பெயர் தெரியாத ஆட்டக்காரர்களை நினைவில் வைத்திருப்பது இந்த நிலைப்பாடு ஒன்றே. ஒழுக்கம், நேர்மை என்ற சொற்களை அது எழுத்துப்படியே எடுத்துக்கொள்கிறது.

சிக்கல் ஆதாரத்தில் தொடங்குகிறது. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் 2007 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை 89 வீரர்களைப் பெயரிட்டது. அது அரசு அமைத்த விசாரணை ஆணையம் அல்ல; சாட்சிகளை வரவழைத்து வாக்குமூலம் பெறும் சட்ட அதிகாரம் அதற்கு இல்லை. எனவே, நியூயார்க் அணிகளில் பணிபுரிந்த இருவர் சொன்னதையே அது பெரிதும் சார்ந்திருந்தது. அவர்களிடம் வாங்கியவர்களின் பெயர் வந்தது. வேறு ஊரில் வேறு ஆளிடம் வாங்கியவர்களின் பெயர் வரவில்லை. இதை அடிப்படையாகக் கொண்டு ஒதுக்கினால், நாம் தண்டிப்பது ஊக்கமருந்து எடுத்தவர்களையல்ல, தவறான ஆளிடம் வாங்கியவர்களை.

இதைவிட மோசமானது, மறுப்பு அங்கே நிற்காமல் வதந்திக்கும் பரவியதுதான். பிடிப்பாளர் நிலையில் ஆடியவர்களிலேயே மிக அதிக ஹோம் ரன்கள் அடித்த மைக் பியாசா நான்காவது முயற்சியில்தான், 2016இல், தேர்வானார். ஜெஃப் பேக்வெல் ஏழாவது முயற்சி வரை, 2017 வரை, காத்திருந்தார். இருவரும் எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதாக அறிவிக்கப்படவில்லை; மிட்செல் அறிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை. உடல்வாகும் காலமும் ஐயத்துக்குப் போதுமானவை ஆயின. 2013இல் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், பியாசா, பேக்வெல், கிரெக் பிஜியோ என அத்தனை பேர் சீட்டில் இருந்தும் ஒருவரைக்கூட எழுத்தாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

மார்கனின் மூன்று வகைகளை ஒரு சொல்லும் கூட்டாமல் கடைப்பிடிக்க முடிந்தவருக்கு, அதாவது வதந்தியை அறவே காதில் வாங்காதவருக்கு, இது நேர்மையான தேர்வு. ஆனால், அதற்குள்ளும் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. 2010 ஜனவரியில் மெக்வயர் தாம் பயன்படுத்தியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு அவருடைய வாக்கு 23.7 விழுக்காட்டைத் தாண்டவேயில்லை, 2016இல் 12.3 விழுக்காட்டோடு முடிந்தது. உண்மையைச் சொன்னவரும் பொய்யைப் பிடித்துக்கொண்டவரும் ஒரே வரிசையில் நிற்கும்போது, அடுத்தவர் வாய் திறப்பதற்கு என்ன காரணம் இருக்கும்?

## மூன்றாம் நிலைப்பாடு: தண்டனைக் கோடு

பேஸ்பால் நிர்வாகமே விசாரித்துத் தண்டித்தவர்களை மட்டும் ஒதுக்கி, மற்ற அனைவரையும் ஆட்டத்தின் அடிப்படையில் பார்ப்பது இந்த நிலைப்பாடு. அதாவது 2005க்குப் பிறகு விலக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு வாக்கில்லை. ரமிரெஸ் 2009இல் ஐம்பது ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டு, 2011இல் மீண்டும் சிக்கினார். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 696 ஹோம் ரன்கள் அடித்தவர். 2014 பருவம் முழுவதும் விலக்கப்பட்டார். ரஃபேல் பல்மெய்ரோ 2005 மார்ச் மாதத்தில் நாடாளுமன்றக் குழுவின் முன் விரலை நீட்டி மறுத்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் பத்து நாள் தண்டனை பெற்றார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம் பாண்ட்ஸ், கிளெமென்ஸ், மெக்வயர், சாமி சோசா.

இந்தக் கோட்டின் பலம், அதை வாக்காளர் வரையவில்லை என்பது. பரிசோதனை, மேல்முறையீடு, பகிரங்க அறிவிப்பு ஆகியவற்றைக் கடந்து வந்த தீர்ப்பு அது. யாருடைய முகம் பிடிக்கும், பிடிக்காது என்பதற்கு அங்கே இடமில்லை. தடையும் தண்டனையும் என்னவென்று தெரிந்தே மீறியவர்களின் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்குவதால், குணத்தைச் சார்ந்த சொற்களுக்கும் அது வேலை கொடுக்கிறது.

விலை என்ன? புத்திசாலிகள் தப்பிக்கிறார்கள். ஸ்டீராய்டு விநியோகித்த பால்கோ நிறுவனம் தொடர்பான வழக்கில், தமக்குத் தரப்பட்டவை ஆளிவிதை எண்ணெயும் மூட்டுவலிக் களிம்பும் என்று நினைத்ததாக பாண்ட்ஸ் 2003இல் சாட்சியம் சொன்னார். அதை நம்பியவர்கள் மிகச் சிலரே. நீதிக்கு இடையூறு செய்ததாக 2011இல் அவருக்கு விழுந்த தீர்ப்பு 2015இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. பொய் சொன்னதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் கிளெமென்ஸ் 2012இல் விடுவிக்கப்பட்டார். சட்டம் விட்டது என்பதற்காக நம்பிக்கை வந்துவிடாது. இந்த நிலைப்பாட்டை ஏற்பவர், தமக்கே சந்தேகமில்லாத ஒருவருக்கு எதிராகவும் அந்தச் சந்தேகமின்மையைப் பயன்படுத்தாமல் இருக்கச் சம்மதிக்கிறார். இது எளிதன்று.

எழுத்தாளர்கள் மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதை 2022 ஜனவரி முடிவு காட்டுகிறது. 2003 மாதிரிப் பரிசோதனையில் சிக்கியவர்களில் ஒருவர் என்று 2009இல் செய்தி வெளியான டேவிட் ஓர்டிஸ், சீட்டில் ஏறிய முதல் ஆண்டிலேயே 77.9 விழுக்காட்டுடன் தேர்வானார். அதே சீட்டுகளில் பாண்ட்ஸுக்குப் பத்தாவது, கடைசி வாய்ப்பில் 66.0, கிளெமென்ஸுக்கு 65.2. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல நியாயம் உண்டு: அந்தப் பரிசோதனையின் சில முடிவுகள் ஐயத்துக்கு இடமானவை என்று ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் 2016இல் குறிப்பிட்டார்; பெயர் வெளிவராது என்ற உறுதிமொழியின் பேரில்தான் அது நடத்தப்பட்டது. ஆயினும், ஓர்டிஸ் சிரித்த முகத்தோடு பழகியவர், பாண்ட்ஸ் செய்தியாளர்களை விரட்டியவர் என்பது இந்த இடைவெளியில் ஒரு பங்காற்றவில்லை என்று நான் நம்பமாட்டேன். தண்டனைக் கோட்டை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தால் மூவரும் ஒரே பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

## நான்காம் நிலைப்பாடு: கழித்துப் பார்ப்பது

மருந்து தொடங்கியதாகக் கருதப்படும் ஆண்டுக்குப் பிந்தையவற்றைக் கழித்துவிட்டு, மீதி போதுமா என்று பார்ப்பது நான்காவது வழி. பாண்ட்ஸின் விஷயத்தில் இது மிகவும் கவர்ச்சியானது. 1998 முடியும்போதே அவர் 411 ஹோம் ரன்கள், 445 தளத் திருட்டுகள், மூன்று மிகச் சிறந்த வீரர் விருதுகள், களத்தடுப்புக்கான எட்டுத் தங்கக் கையுறை விருதுகள் ஆகியவற்றோடு இருந்தார். அன்றே ஓய்வு பெற்றிருந்தால் எந்தத் தயக்கமும் இன்றித் தேர்வாகியிருப்பார். கிளெமென்ஸும் 1997 இறுதிக்குள் 213 வெற்றிகளையும் நான்கு சை யங் விருதுகளையும் பெற்றிருந்தார்.

ஆனால், அந்த ஆண்டை யார் குறித்தது? செய்தியாளர்களும் குற்றம் சாட்டியவர்களும். ரோட்ரிகஸ் 2009இல் தாம் 2001 முதல் 2003 வரை மட்டும் பயன்படுத்தியதாகச் சொன்னார். 2013இல் வெடித்த, வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய பயோஜெனிசிஸ் மருத்துவ நிலையம் பற்றிய விவகாரம் அந்த வாக்குமூலத்தின் எல்லையைத் தகர்த்தது. ஒப்புக்கொண்டவரின் கணக்கே நம்பத்தக்கதாக இல்லாதபோது, மறுத்தவர்களுக்கு நாம் போடும் கணக்கு வெறும் ஊகம். மேலும், கழித்த பிறகும் மிஞ்சுவது மாமேதைகளுக்கு மட்டுமே. அதே தவறைச் செய்த அடுத்த நிலை ஆட்டக்காரர் வெளியே போகிறார். திறமையை அளக்க இது நல்ல கருவி, நீதி வழங்க அன்று. பாண்ட்ஸ், கிளெமென்ஸ் இருவரைப் பற்றி மட்டும் முடிவெடுக்க வேண்டியவருக்குப் போதுமானது.

## யாருக்கு எந்தத் தீர்ப்பு

| வீரர் | களம் மட்டும் | முழு மறுப்பு | தண்டனைக் கோடு | கழித்தல் | எழுத்தாளர்கள் அளித்தது |
|---|---|---|---|---|---|
| பாண்ட்ஸ் | ஆம் | இல்லை | ஆம் | ஆம் | 66.0% (2022) |
| கிளெமென்ஸ் | ஆம் | இல்லை | ஆம் | ஆம் | 65.2% (2022) |
| ரோட்ரிகஸ் | ஆம் | இல்லை | இல்லை | கணிக்க இயலாது | 37.1% (2025) |
| ரமிரெஸ் | ஆம் | இல்லை | இல்லை | கணிக்க இயலாது | 34.3% (2025) |
| பல்மெய்ரோ | ஆம் | இல்லை | இல்லை | கணிக்க இயலாது | 4.4% (2014) |
| மெக்வயர் | விவாதத்துக்குரியது | இல்லை | விவாதத்துக்குரியது | இல்லை | 12.3% (2016) |
| ஓர்டிஸ் | ஆம் | இல்லை | ஆம் | கணிக்க இயலாது | 77.9% (2022) |

மெக்வயர் தண்டனைக் கோட்டைத் தாண்டிவிடுவார். ஆனால் 583 ஹோம் ரன்களுக்கு அப்பால் அவருடைய ஆட்டம் போதுமா என்பது தனிக் கேள்வி. முழு மறுப்பில் ஓர்டிஸை வைத்திருப்பது கசிந்த செய்தியையும் பரிசோதனைத் தோல்வியாகக் கொண்டால் மட்டுமே.

## வெற்றுச் சீட்டு

மனம் ஒப்பவில்லை என்று எதையும் குறிக்காமல் சீட்டை அனுப்புவோரும் உண்டு. 2021இல் 401 சீட்டுகளில் 14 அப்படி வந்தன. இதை நடுநிலை என்று கருதுவது பிழை. வெற்றுச் சீட்டும் மொத்தக் கணக்கில் சேர்வதால், அது சீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், மருந்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கும், எதிராக விழும் வாக்கு. அனுப்பாமல் இருந்துவிடுவது அதைவிட நியாயமானது.

## எதைத் தேர்ந்தெடுப்பது

என் தேர்வு தண்டனைக் கோடு. ஆதாரம், சமநீதி என்ற இரண்டு அளவுகோல்களில் மற்ற மூன்றும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. சக வீரர்களுக்கு நீதி என்ற அளவுகோலில் முழு மறுப்பு அதை வெல்கிறது. அந்த ஒன்றையே தலையாயதாகக் கருதுபவர் மார்கனின் வழியில் போகட்டும், ஆனால் பியாசாவுக்கும் பேக்வெலுக்கும் நேர்ந்ததை இன்னொருவருக்குச் செய்யாமலிருக்க வேண்டும். எந்தக் கோட்டை எடுத்தாலும் முதல் ஆண்டிலேயே எடுப்பது முக்கியம். பத்து இடங்களே உள்ள சீட்டில் முடிவெடுக்கப்படாத பெயர்கள் ஆண்டுக்கணக்கில் நெருக்கியதால்தான் 2014இல் பிஜியோ இரண்டே வாக்குகளில் தவறினார்.

எழுத்தாளர்கள் விட்டதை மண்டபத்தின் தனித் தேர்வுக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும் என்று ஒத்திப்போடுவதும் இனி எளிதல்ல. பதினாறு பேர் கொண்ட குழு 2022 டிசம்பரில் மெக்கிரிஃபை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பாண்ட்ஸ், கிளெமென்ஸ், பல்மெய்ரோ ஆகியோருக்கு நான்கு வாக்குகள்கூட வரவில்லை. 2025 மார்ச்சில் மண்டபம் புதிய விதி கொண்டுவந்தது: ஐந்துக்குக் குறைவான வாக்கு பெறுபவர் அடுத்த சுற்றில் இடம்பெற முடியாது, இரண்டாம் முறையும் அப்படியானால் நிரந்தரமாக வெளியேறுவார். அதே ஆண்டு டிசம்பரில் பாண்ட்ஸின் பழைய அணித்தோழர் ஜெஃப் கென்ட் 14 வாக்குகளோடு தேர்வாக, பாண்ட்ஸும் கிளெமென்ஸும் ஐந்தை எட்டவில்லை. அவர்களுடைய பெயர் இனி 2031 டிசம்பருக்கு முன்னால் வராது. அப்போதும் ஐந்து கிடைக்காவிட்டால் பிறகு எப்போதுமே வராது. எழுத்தாளர்களின் சீட்டில் ரோட்ரிகஸுக்கு இருக்கும் பத்தாண்டும் அதே 2031இல் முடிகிறது. தண்டனைக் கோட்டைக் கடைப்பிடிப்பவர் அவருக்கு அதுவரை ஆண்டுதோறும் ஒரே பதிலைச் சொல்லலாம். பாண்ட்ஸுக்கு ஆம் என்று சொல்லும் வாய்ப்போ அவருக்கு 2022இலேயே முடிந்துவிட்டது.